ரோசலி வீட்டுப் பச்சைத் தார்ப்பாய்

வினோனா, மினசோட்டா
ஜனவரி 9

அன்புள்ள ரோசலிக்கு,

இயேசுவுக்கே புகழ்.

கிறிஸ்துமஸுக்கு நான் தபாலில் அனுப்பிய, காகிதம் போல மெல்லிய அப்பம் உடைபடாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. உறைக்குள் ஒரு வரிகூட இல்லை. நம் குடும்பத்தில் அந்த அப்பத்தை உடைத்துப் பகிராமல் யாரும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உட்கார்ந்ததில்லை. போருக்குப் போனவர்களுக்குக்கூடத் தபாலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. உன் அண்ணன் இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். இதைப் பார்த்திருந்தால் க்ளெமென்ஸ் என்ன சொல்லியிருப்பார் என்று நீயே யோசித்துக்கொள்.

உன் வீட்டு நிலவரம் எழுதுகிறேன். தண்ணீர்க் குழாய் வெடித்து இடிந்து விழுந்த சமையலறைக் கூரையை மறுபடி போட்டுவிட்டார்கள். பூச்சு வேலை சுமார்தான். ஜன்னல் பக்கம் ஒரு இடம் மேடாக இருக்கிறது. அந்த ஆளிடம் காட்டினேன்.

“கூரையை யாரும்மா தடவிப் பாக்கப்போறாங்க?” என்றான்.

“நான் பாப்பேன். ஏணியக் கொண்டா” என்றேன். திரும்பத் தேய்த்துவிட்டுத்தான் போனான்.

முன்வாசல் பனியில் ‘விற்பனைக்கு’ என்ற பலகையை நேற்று நட்டார்கள். கோணலாக நிற்கிறது. உன் மகன் ஜெரோம் அவசரப்படுகிறானோ என்று தோன்றினாலும், அவன் உன்னைத் தன்னோடு வைத்துக்கொண்டது நல்லதற்குத்தான். அங்கே பனி கிடையாது. வழுக்கி விழ மாட்டாய்.

என்மேல் உனக்கு என்ன கோபம் என்பதை எழுது. ஊகித்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கில்லை.

டெல்ஃபின்


டூசான், அரிசோனா
ஜனவரி 17

அண்ணி,

அப்பத்தை உடைக்கும்போது மனத்தில் இருப்பதைச் சொல்லி ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் அனுப்பிய அப்பத்தோடு வாழ்த்து அட்டை மட்டும்தான் இருந்தது. அதனால் திருப்பி அனுப்பினேன்.

எழுதச் சொல்கிறீர்கள், எழுதுகிறேன். நவம்பர் இரண்டாம் தேதி விடியற்காலையில், ஜெரோமின் பேத்தியின் ஞானஸ்நானத்துக்காக இங்கே புறப்பட்டு வந்தேன். நவம்பர் கடைசியில், நன்றியறிதல் நாள் வாரத்தில் அங்கே கடுங்குளிர் விழுந்தது. ஆள் இல்லாத என் வீட்டில் சூடு நின்றுபோய்க் குழாய் வெடித்தது. பழுது பார்க்க வந்தவர் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால், கோடையில் வாங்கிய புது எந்திரத்தின் வெளிப்பெட்டி என்னுடைய பச்சைத் தார்ப்பாயில் பொட்டலமாகக் கட்டிக் கிடந்தது. குளிர்காலம் முழுக்க ஓடி வீட்டைச் சூடாக்க வேண்டிய எந்திரம் அது. பழைய ஏ.சி.யைப் போல மூடிவைக்கக் கூடாதது.

உங்களுக்கு ஜெரோம் போன் செய்தபோது நான் பக்கத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியைப் போட்டிருந்தான். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

“அத்தை, அம்மாதான் கட்டினாங்களா?”

“தார்ப்பாய் உங்கம்மாவோடதுதான். அவ கொட்டகையில இருந்ததுதான்.”

“கட்டக் கூடாதுன்னு எனக்கே சொன்னாங்களே! மறந்துட்டாங்களா? அம்மாவுக்கு மறதி வருதா அத்தை?”

“இந்த வயசுல யாருக்குத்தான் மறதி இல்ல.”

அதுவரை இந்த வீட்டில் நான் விருந்தாளி. அன்றிலிருந்து நோயாளி. மருமகள் அலமாரிகளில் சீட்டு ஒட்டியிருக்கிறாள்: கோப்பை, தட்டு, உப்பு. அடுப்புக்குமேல் ‘தொடாதீங்க’ என்று ஒன்று. மறதியைச் சோதிக்க டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ஜெரோம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முள்ளைத் தப்பாகப் போட்டுவிட்டேன்.

மார்ச் 22 அன்று வீட்டு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் அப்பா கட்டிய வீடு. ஐம்பத்தெட்டு வருடம் உங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறேன். நான் எதை மறந்து பார்த்தீர்கள், அண்ணி? அவனிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

ரோசலி


வினோனா
ஜனவரி 26

அன்புள்ள ரோசலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒலிபெருக்கி விஷயம் எனக்குத் தெரியாது. ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்கிறார் என்றால் அதை முதலில் சொல்ல வேண்டும். ஜெரோமுக்கு அந்த மரியாதையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

நான் அவனிடம் சொன்னதில் எது பொய்? தார்ப்பாய் உன்னுடையது. இந்த வயதில் மறதி எல்லோருக்கும் உண்டு. நான் போன வாரம் கண்ணாடியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன்.

தவிர, எந்திரத்தைப் பொருத்தியவர்கள் ‘மூடாதே’ என்று பெரிய எழுத்தில் அதன்மேல் எழுதி ஒட்டியிருக்க வேண்டாமா? பார்த்தால் பழைய ஏ.சி. பெட்டி மாதிரியேதான் இருக்கிறது.

இங்கே மூன்று நாளாகப் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ஆறு கரையோடு கரை உறைந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு வைத்த விளக்கு அவர் கல்லறையில் பனிக்குள் புதைந்து கிடக்கிறது. எடுக்கப் போனேன், முடியவில்லை. அந்தத் திருநாளன்று பூசை முடிந்து கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும் நான்

இந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறேன். கை விறைக்கிறது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும்.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு.

டெல்ஃபின்


டூசான்
பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணி,

போன கடிதத்தைக் கோபத்தில் எழுதிவிட்டேன். என்னை மன்னியுங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் மேப்பிள் இலைகளைக் கூட்டினேன். பெட்டியின் கம்பி இடுக்கில் செருகியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன். இது எனக்கு எப்போதுமே ஞாபகம் இருந்ததுதான். இப்போது அதற்குப் பிறகு நடந்ததும் தெரிகிறது. கொட்டகைக் கதவைத் திறக்கிறேன். தார்ப்பாயை உதறுகிறேன். ஈரத் தரையில் மண்டியிட்டுக் கயிற்றை இழுக்கிறேன். முழங்காலில் ஏறிய சில்லிப்புகூட நினைவுக்கு வருகிறது. நேற்று டாக்டரிடம் சொன்னேன். “பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாலே பாதி பாரம் எறங்கிடும்” என்றார். ஜெரோம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். பாவம் அவன்.

இனி சண்டை வேண்டாம். மார்ச்சில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். வீட்டில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மாவுப் பலகையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. கட்டியதை மறந்த மாதிரி வேறு எதையெல்லாம் மறந்திருக்கிறேனோ? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
ரோசலி


வினோனா
பிப்ரவரி 13, சாம்பல் புதனுக்கு முந்தின நாள்

ரோசலி,

நீ கட்டவில்லை. நான் கட்டினேன்.

அந்த வாக்கியத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி. உன் நினைவில் இருக்கும் தார்ப்பாய், கயிறு, ஈரத் தரை எதுவும் உன்னுடையதில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி உனக்குள் போட்டது. மண்டியிட்டது என் முழங்கால்.

ஒழுங்காகச் சொல்கிறேன். போன கோடையில், உன் பின்படியில் உட்கார்ந்து சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தோம். நீ சொன்னாய்:

“அண்ணி, இது பழைய ஏ.சி. இல்ல. பனிக்காலத்துலயும் இதுதான் ஓடணும். மூடவே கூடாதாம்.”

“வெளியில இருக்கிற குளிர்லேருந்து சூட்டை எடுக்குதாமா? நல்லாக் காது குத்தியிருக்கான் உனக்கு” என்றேன். நீ சிரித்துவிட்டுக் கதிரை உரித்தாய். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரியும். நம்பவில்லை. நான் நம்பாத விஷயம் உண்மையாக இருக்க முடியாது என்று நினைத்துவிட்டேன்.

நவம்பர் இரண்டு. நீ விடியற்காலையில் விமானத்துக்குப் போய்விட்டாய். பூசை முடிந்து கல்லறைக்குப் போனேன். வருடாவருடம் அவர் கல்லறையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நம் இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் பனிக்கு மூடிவைப்பார், உனக்குத் தெரியும். இந்த முறை அவரே அங்கே இருக்கிறார். நான் செய்தேன். என் பெட்டியின் சுவர் சுவிட்சை அணைத்தேன். குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவினேன். காய்ந்ததும் கூரையிலிருந்து பனிக்கட்டி விழுந்தால் தாங்க மேலே பலகை வைத்துக் கட்டினேன். நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் உன் பெட்டி மொட்டையாக நிற்கிறது. ஓடிக்கொண்டும் இருந்தது. நவம்பரில்! ரோசலி அணைக்க மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

கவனி. உனக்கு மறதி என்று முதலில் முடிவு கட்டியவள் நான். ஜெரோம் அல்ல.

அணைத்தேன். உன் கொட்டகையிலிருந்து தார்ப்பாயை எடுத்தேன். அவர் மேலே மட்டும்தான் மூடுவார். பக்கவாட்டில் காற்று போகட்டும் என்பார். அது எனக்கு எப்போதும் அரைகுறை வேலையாகவே பட்டது. நான் தரைவரை சுற்றினேன். ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை செடிக்குத் தண்ணீர் விட வந்தேன். வீடு சில்லென்றுதான் இருந்தது. சிக்கனம் பிடித்திருக்கிறாய் என்று நினைத்துக் கோட்டோடு நின்றே தண்ணீர் விட்டேன். எந்திரத்துக்கு உதவியாக உள்ளே இருந்த வெப்பக் கம்பிகள் மட்டும் மூன்று வாரம் வீட்டைத் தாங்கியிருக்கின்றன. நன்றியறிதல் நாள் விருந்துக்காக நான் என் மகள் மார்லீன் வீட்டில் இருந்த நாட்களில் குளிர் இறங்கியது. கம்பிகளும் கைவிட்டன. திரும்பி வந்தபோது உன் முன்கதவின் அடியில் தண்ணீர் வழிந்து உறைந்திருந்தது.

பழுது பார்க்க வந்தவர் கொல்லையிலிருந்து கத்தினார்: “யாருங்க இதோட வாயக் கட்டினது?” நான் பக்கத்தில்தான் நின்றேன். “வீட்டுக்காரி ஊர்ல இல்ல” என்றேன். உண்மைதான். ஜெரோமிடம் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான். உண்மையை அடுக்கிப் பொய் சொல்வது நேர்ப்பொய்யைவிட மோசம் என்று சிஸ்டர் ஹெட்விக் நமக்கு ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண்.

ஏன் என்று கேட்டாய். அவர் போனதிலிருந்து மார்லீன் வரும்போதெல்லாம் என் அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறாள். பால் கெட்டுவிட்டதா என்று முகர்கிறாள். இது நான் என்று தெரிந்தால் மறுவாரமே என்னை ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவாள் என்று பயந்தேன். ஜெரோம் போனில் கேட்ட அந்த ஒரு நொடியில் நம் இருவரில் ஒருத்தி போக வேண்டும் என்று ஆனது. நான் உன்னைக் கொடுத்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் புதுச் சாமியாரிடம் சொன்னேன். “அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் அந்தக் கோபத்திலேயே ஓட்டினேன். பிறகு உன் கடிதம் வந்தது. அதில் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாய்.

நான் உன்னிடம் இப்போது கேட்கவில்லை. கேட்க எனக்கு இன்னும் உரிமை வரவில்லை.

டெல்ஃபின்


டூசான்
பிப்ரவரி 20

உங்கள் கடிதத்தைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். இந்த வீட்டில் சீட்டு ஒட்டாத கதவு அது ஒன்றுதான்.

மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இவை இனி என்ன செய்யுமோ என்று. நீங்கள் அங்கே கூரைப் பூச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஜெரோமுக்கு எழுதுங்கள்.


வினோனா
மார்ச் 1

ரோசலி,

அன்றே எழுதினேன். எல்லாவற்றையும், மார்லீன் பற்றியதையும்கூட. நேற்று அவன் போன் செய்தான்.

“அத்தை, உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு” என்றான்.

“பெரிய மனசா? நான் என்ன எழுதினேன்னு படிச்சியா?”

“படிச்சேன். அம்மாவ வீட்டுக்குக் கொண்டுவர நீங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க. புரியுது அத்தை. ஆனா அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. கயிறு கட்டினது, முழங்கால் சில்லுன்னு இருந்தது, அத்தனையும் சொன்னாங்க.”

“ஜெரோம், நான் என் ஆயுசுல பொய் சொன்னதில்ல” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். எண்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நடமாடினேன். அது இப்போது என் வாயிலிருந்து வர மறுக்கிறது.

பூசையில் சத்தியம் செய்கிறேன் என்றேன். “வேணாம் அத்தை, பாவம் சேரும்” என்றான்! எனக்கே பாவம் எது என்று சொல்கிறான்.

ராத்திரி தூங்காமல் யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. பழுது பார்த்தவர் எடுத்த படம் ஜெரோமிடம் இருக்கிறது. அதில் தார்ப்பாயின் நான்கு மூலைகளும் மடித்துச் செருகியிருக்கும். கான்வென்ட் விடுதியில் கட்டில் விரிப்பை மடிப்போமே, அந்த மடிப்பு. எனக்குக் கை தானாகச் செய்யும். உனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. சிஸ்டர் உன் கட்டிலை மட்டும் தினமும் கலைத்துப் போடுவார். வார்த்தையை நம்பாதவன் கையை நம்பட்டும்.

நான் அங்கே வருகிறேன். மார்ச் 9, சனிக்கிழமை. விமானத்தில் நான் இதுவரை ஏறியதில்லை. ஜெரோமிடம் ஒரு தார்ப்பாயும் முப்பது அடி கயிறும் வாங்கிவைக்கச் சொல். நீ என்னோடு பேச வேண்டியதில்லை.

டெல்ஃபின்


டூசான்
மார்ச் 17

அண்ணி,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை மார்லீன் ஜெரோமிடம் சொன்னாள். இங்கே இருந்த இரண்டு நாளும் நான் உங்களோடு பேசவில்லை. பேசினால் அழுதிருப்பேன், அல்லது அடித்திருப்பேன். இரண்டும் மருமகள் எதிரில் வேண்டாம் என்று இருந்தேன்.

நீங்கள் புறப்பட்ட பிறகு நடந்ததை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜெரோமைப் பிடித்துக்கொண்டார். “நல்லா ஓடிட்டிருந்த ஏ.சி.ய எதுக்குப்பா அந்தம்மா வெயில்ல மண்டி போட்டு மூட்டை கட்டினாங்க? வீடு காலி பண்றீங்களா?” என்றார். ஒப்பிட்டுப் பார்க்க நான் கட்டிய இன்னொரு மூட்டையையும் அவர் வேலிக்குமேல் பார்த்திருக்கிறார். “இன்னொருத்தங்க கட்டினது காத்துல அவுந்து என் முற்றத்துக்கே வந்திருச்சு” என்றாராம். ஜெரோம் சிரித்தான். நவம்பருக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நீங்கள் கட்டி முடித்ததும், அவன் கையிலிருந்த படத்தையும் உங்கள் மூலை மடிப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள். “ஏன் அத்தை அப்பவே சொல்லல?” என்று அவன் கேட்டதற்கு, “பயந்துட்டேன்டா” என்றீர்கள். அந்தச் சொல்லை உங்கள் வாயில் நான் கேட்டதே இல்லை. அண்ணன் செத்த அன்றுகூட.

மருமகள் சீட்டுகளைக் கிழித்துவிட்டாள். ‘உப்பு’ மட்டும் வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு டாக்டரிடம் போனோம். ஜெரோமை வெளியே உட்காரச் சொன்னேன். கடிகாரம் சரியாக வந்தது.

விற்பனையை நிறுத்திவிட்டான். ஏப்ரல் 9 அன்று வீட்டுக்கு வருகிறேன்.

மார்லீன் உங்களை டாக்டரிடம் அழைத்துப் போகப்போவதாக ஜெரோம் சொன்னான். நான் அவளுக்கு எழுதியிருக்கிறேன்: உன் அம்மாவுக்கு இருப்பது மறதி இல்லை, பிடிவாதம், அது எனக்குத் தெரிந்து பள்ளிக்கூடத்திலிருந்தே இருக்கிறது, அதற்காக யாரையும் இல்லத்தில் சேர்ப்பதில்லை என்று. இதை உங்களுக்காகச் செய்யவில்லை. அலமாரியில் சீட்டு ஒட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் செய்தேன்.

மன்னிப்பைப் பற்றி இப்போது என்னால் எதுவும் எழுத முடியவில்லை. முயன்று பார்த்தேன். இரண்டு தாளைக் கிழித்தாயிற்று.

நான் வருவதற்கு முன் எந்திரத்தைப் பொருத்தியவர்கள் வந்து பார்ப்பார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். அவர்கள் போன பிறகு, உங்களிடம் இருக்கும் என் வீட்டுச் சாவியைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போங்கள். அது தானாகப் பூட்டிக்கொள்ளும்.

ரோசலி


வினோனா
ஏப்ரல் 6

அன்புள்ள ரோசலி,

இந்தக் கடிதத்தை அங்கே அனுப்பினால் நீ புறப்பட்ட பிறகுதான் வரும். உன் வீட்டுக் கடிதப்பெட்டியிலேயே போடுகிறேன்.

காலையில் ஆட்கள் வந்தார்கள். பெட்டியைக் கழுவி, சோதித்து, ஓடவிட்டுக் காட்டினார்கள். நான் எட்டி நின்றேன். வீட்டுக்குள் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட் வைத்திருக்கிறார்கள். குழாய்கள் நான்கையும் திறந்து பார்த்தேன், தண்ணீர் வருகிறது. ரொட்டியும் முட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். உன் அம்மாவின் மாவுப் பலகை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மார்லீன் வியாழக்கிழமை என்னை டாக்டரிடம் அழைத்துப்போகிறாள். உன் கடிதத்தைக் காட்டினாள். சிரித்துவிட்டு, இருந்தாலும் போகலாம் என்றாள். போகிறேன். கடிகாரம் வரையச் சொன்னால் வரைகிறேன். அவளை வெளியே உட்காரச் சொல்ல மாட்டேன்.

சாவியை மேசைமேல் வைத்தேன். திரும்பி ஒரு தடவை பார்த்தேன். பிறகு வெளியே வந்து கதவை இழுத்தேன். பூட்டு விழுந்தது. சமையலறை விளக்கை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. வழக்கமாக இருந்தால் உள்ளே போய்ப் பார்த்திருப்பேன். உன் பூச்செடிகளுக்கு நடுவில் கால் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்று நாள் எரியும். என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

செவ்வாய்க்கிழமை நீ வந்து சேர்ந்ததும் வந்து கதவைத் தட்டுகிறேன். அப்போது மன்னிப்புக் கேட்கிறேன். நீ திறக்காவிட்டால் புதன்கிழமையும் தட்டுகிறேன்.

டெல்ஃபின்